வீட்டில் சிரைவழி மருந்தேற்றம்: நோயாளியும் மருத்துவரும் இச்சேவையை முறையாகப் பயன்படுத்துவது எப்படி

சிறுநீர்த் தொற்றுடன் மருத்துவமனையில் சேர்ந்த ஒருவருக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிடுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறார், தாழ்வாரத்தில் நடக்கிறார், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறார். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் தெரியவந்த கிருமி, மாத்திரையாகக் கிடைக்கும் எந்த மருந்துக்கும் அடங்காத இ.எஸ்.பி.எல். (பல ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும்) வகையைச் சேர்ந்தது, எர்டாபெனம் என்ற ஊசி மருந்து நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரம், இன்னும் சில நாட்களுக்கு ஏறியாக வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்காக மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் அவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடையாக வந்ததுதான் வீட்டில் மருந்தேற்றும் சேவை.

இம்முறை புதிதன்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் கொண்டவர்களுக்கு மருத்துவமனைக்கு வெளியே சிரைவழி மருந்து கொடுத்த அனுபவம் அமெரிக்க மருத்துவ இதழில் 1974-ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. அந்நாட்டில் இன்று இது பெரும்பாலும் மருந்தகங்களின் பொறுப்பில் நடக்கிறது. தூய்மை அறையில் கலந்து தயாரித்த மருந்துப் பைகள் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. நம் ஊர்களிலோ குடும்பத்தினர் மருந்துக் கடையில் குப்பிகளை வாங்கி வைக்க, வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் செவிலியர் வந்து படுக்கையருகிலேயே கலந்து ஏற்றுவது வழக்கம். ஆகவே அங்கே மருந்தாளுநர் செய்யும் சரிபார்ப்பு இங்கே எவர் பொறுப்பிலும் சேராமல் நழுவிவிடக்கூடும். இக்கட்டுரை சொல்லும் முன்னேற்பாடுகளில் பாதி, அந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான்.

உடம்பு அசதியாக இருக்கிறது என்று கிளினிக்கில் கேட்டுவாங்கி ‘குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும்’ பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. வாயால் நீர் குடிக்க முடிந்தவருக்கு அந்தப் பாட்டிலால் பெரிய பயன் எதுவும் இல்லை. மருத்துவரின் எழுத்து உத்தரவு இல்லாமலேயே வீட்டுக்கு வந்து ட்ரிப்ஸ் போடுகிறோம் என்று சொல்லும் எந்த நிறுவனத்தையும் இந்தச் சிகிச்சைக்கு நம்பக் கூடாது என்பது என் கருத்து.

மருத்துவமனை நோயாளிக்குத் தருவது ஊசியை மட்டுமன்று. கை சிவந்திருப்பதை யாரோ ஒருவர் பார்க்கிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருப்பதை இன்னொருவர் கவனித்து மருத்துவருக்குச் சொல்கிறார். நள்ளிரவில் நடுக்கம் வந்தால் மணி அடித்தவுடன் ஆள் வருகிறார். வீட்டுக்கு மாறும்போது பெரும்பாலும் ஊசி கூடவே வந்துவிடுகிறது, கண்காணிப்பு பின்தங்கிவிடுகிறது. ஒரு செவிலிய வருகைக்கும் அடுத்ததற்கும் இடையே நோயாளிக்கு யார் பொறுப்பு என்பதற்கு ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் விடையாக இருந்தால் அந்தச் சேவையை ஏற்கலாம்.

ஊசி தேவைதானா என்று முதலில் கேளுங்கள்

சிரைவழி மருந்துதான் வலிமையானது என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமின்றி மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ஓவிவா என்ற ஆய்வில், எலும்பு அல்லது மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரை இரு பிரிவாக்கி, முதல் ஆறு வாரங்களில் ஒரு பிரிவினருக்குச் சிரைவழியாகவும் மறு பிரிவினருக்கு வாய்வழியாகவும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மாத்திரை எடுத்துக்கொண்டவர்கள் எவ்வகையிலும் பின்தங்கியிருக்கவில்லை. எனவே, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னவுடன், “இந்தக் கிருமிக்கு வேலைசெய்யும் மாத்திரை ஏதேனும் உண்டா?” என்று கேட்பதில் தவறில்லை. நல்ல சேவை நிறுவனமாக இருந்தால், தன் வருமானம் குறையும் என்றாலும், அந்தக் கேள்வியை அதுவே மருத்துவரிடம் எழுப்பும்.

மாத்திரை உதவாது என்று உறுதியானால், நோயாளி வீட்டுக்கு ஏற்றவர்தானா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் நிலைப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். அவசரமென்றால் மருத்துவமனையை விரைவில் அடையக்கூடிய தொலைவில் வீடு இருக்க வேண்டும். அந்த மருந்தின் முதல் தவணையை மருத்துவமனையிலேயே ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும், ஏனெனில் கடும் ஒவ்வாமை வருமானால் அது பெரும்பாலும் தொடக்கத் தவணைகளிலேயே சில நிமிடங்களுக்குள் வந்துவிடும். தனியாக வசிக்கும், நினைவு தடுமாறும் முதியவருக்கு இது ஏற்றதன்று.

மருந்தும் லைனும்

வீட்டுச் சிகிச்சையின் வசதியைத் தீர்மானிப்பது மருந்தின் தவணை இடைவெளிதான். செஃப்ட்ரையாக்சோன், எர்டாபெனம், டெய்கோபிளானின், டாப்டோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளை வழக்கமாக நாளுக்கு ஒரு முறை ஏற்றினால் போதும் என்பதால் அவை வீட்டுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. மெரோபெனத்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் செவிலியர் வருவார் என்று தாளில் எழுதலாம், நடைமுறையில் ஓரிரு நாளில் தவணை தவறும். பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பலமுறை இங்கேதான். மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருந்த மருந்தையே அப்படியே வீட்டுக்கும் எழுதிக்கொடுக்காமல், நாளுக்கு ஒரே தவணை போதுமான மருந்துக்கு மாற்ற முடியுமா என்பதை வீட்டுக்கு அனுப்பும் முன்பே முடிவுசெய்து, மாற்றிய மருந்தின் முதல் தவணையையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும்.

மருந்து உடலுக்குள் போகும் வழியையும் நாள் கணக்கை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று நான்கு நாட்களுக்கு முன்கையில் போடும் சாதாரண வென்ஃப்ளான் என்ற குட்டைக் குழாய் போதும். அதற்கு மேல் ஓரிரு வாரங்கள் என்றால் மேற்கையில் செலுத்தும் மிட்லைன் என்ற சற்று நீண்ட குழாய் பொருந்தும். ஆறு வாரச் சிகிச்சை என்றால், மேற்கைச் சிரை வழியாக நுழைந்து இதயத்தை அடுத்த பெருஞ்சிரையில் முனை நிற்கும் பிக் லைன் தேவைப்படும். இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்து, நாளை டயாலிசிஸ் தேவைப்படக்கூடிய நிலையில் உள்ளவருக்குப் பிக் லைன் போட்டால், பின்னாளில் டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா என்ற ரத்தக்குழாய் இணைப்பை அமைக்க வேண்டிய சிரை அடைபட்டுப்போகலாம். அத்தகையவருக்கு லைன் போடும் முன் சிறுநீரக மருத்துவரின் கருத்தைக் கேட்பது கட்டாயம். அதைக் கேட்கச் சொல்லி நினைவூட்டும் உரிமை குடும்பத்தினருக்கும் உண்டு.

கையில் வாங்க வேண்டிய ஒற்றைத் தாள்

டிஸ்சார்ஜ் சம்மரி பல பக்கங்கள் இருக்கும். அதை வீட்டுக்கு வரும் செவிலியர் முழுதும் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே மருத்துவர் கையொப்பமிட்ட ஒரு பக்க உத்தரவுத் தாளைத் தனியே கேட்டு வாங்குங்கள். அதில் மருந்தின் பெயர், அளவு, எந்தத் திரவத்தில் எவ்வளவு கலக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் ஏற்ற வேண்டும், கடைசித் தவணை எந்தத் தேதி என்பவை இருக்க வேண்டும். கடைசித் தேதியை எழுதாமல் விடுவதே மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை; தேதி இல்லாத உத்தரவு, தேவையற்ற நாட்களுக்கு நீளும், இல்லையெனில் மருந்து தீர்ந்த நாளில் யாரும் கேட்காமல் நின்றுபோகும்.

கலக்கும் திரவத்தை எழுதச் சொல்வது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். எர்டாபெனத்தைக் குளுக்கோஸ் கலந்த திரவத்தில் கலக்கக் கூடாது, நார்மல் சலைன் என்ற உப்புநீரில்தான் கலக்க வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின் நேர்மாறானது, சலைன் பட்டால் கெட்டுவிடும், டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் திரவம்தான் வேண்டும். செஃப்ட்ரையாக்சோனைக் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் திரவத்துடன் சேர்த்தால் படிவு உண்டாகும். வீட்டு அலமாரியில் மூன்று பாட்டில்களும் அருகருகே இருக்கும்போது, தாளில் எழுதியிருப்பதுதான் பாதுகாப்பு.

நோயாளியின் ஒவ்வாமைகள், தற்போதைய கிரியாட்டினின் அளவு, அன்றாடம் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் ஆகியவையும் அதே தாளில் இடம்பெறட்டும். வலிப்புக்காக வால்ப்ரோயேட் சாப்பிடுபவருக்கு எர்டாபெனமோ மெரோபெனமோ ஏற்றினால், ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு சடசடவென்று சரிந்து வலிப்பு திரும்பலாம். டாப்டோமைசின் ஏற்றுபவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் சாப்பிட்டால் தசைவலியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இவற்றைச் சரிபார்க்கத் தனி மருந்தாளுநர் நம் ஏற்பாட்டில் பெரும்பாலும் இல்லை என்பதால், மாத்திரைப் பட்டியலை முழுமையாகச் சொல்லும் பொறுப்பு குடும்பத்தின் மேல் விழுகிறது. பிக் லைன் உள்ளவருக்கு, உள்ளே எவ்வளவு நீளம், வெளியே எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது, முனை சரியான இடத்தில் இருப்பது எக்ஸ்ரேயில் உறுதியானதா என்ற மூன்றையும் எழுதி வாங்க மறவாதீர்கள்.

வீட்டைத் தயார்செய்தல்

வெளிச்சமுள்ள ஓர் அறை, துடைக்கக்கூடிய ஒரு மேசை, பாட்டில் தொங்கவிட ஒரு கொக்கி அல்லது ஸ்டாண்ட், சோப்பும் ஓடும் நீரும் அருகில் இருந்தால் போதும். மருந்தைக் கலக்கும்போதும் லைனைத் திறக்கும்போதும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; தூசி பறப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நாயும் பூனையும் அந்த நேரத்தில் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

எர்டாபெனம், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள ஹெச்1 அட்டவணையில் வருபவை. மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் தர வேண்டும். சீட்டில்லாமல் கொடுக்கும் கடையை வசதி என்று எண்ணிவிடாதீர்கள். வாங்கும்போது தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்தென்றால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டும் உறைபனிப் பகுதியும் ஆகா. கலந்த மருந்தை நெடுநேரம் வைத்திருப்பதுதான் நம் வெயிலில் பெரிய ஆபத்து. எர்டாபெனம் கலந்த கரைசல் 25 டிகிரியில் ஆறு மணி நேரம்தான் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுவது, மே மாதச் சென்னையில் குளிரூட்டி இல்லாத அறைக்குப் பொருந்தாது. செவிலியர் காலையிலேயே எங்கோ கலந்து எடுத்து வந்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் கண்முன் குப்பியைத் திறந்து கலக்கட்டும்.

செவிலியர் வந்ததும் நடக்க வேண்டியவை

முதல் வருகையில் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வதில் கூச்சம் தேவையில்லை; நல்ல செவிலியர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நாள்தோறும் அவர் முதலில் செய்ய வேண்டியது நோயாளியின் வெப்பம், நாடி, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து எழுதுவது. பிக் லைன் உள்ள கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டக் கூடாது. பிறகு லைன் நுழையும் இடத்தைச் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் உண்டா என்று பார்த்து, வெளியே தெரியும் நீளம் மாறவில்லை என்று அளந்துகொள்ள வேண்டும். நேற்று 3 சென்டிமீட்டர் இருந்தது இன்று 6 ஆக இருந்தால், மருந்து ஏற்றாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

கைகழுவிய பின், லைனின் வாய்ப்பகுதியை ஸ்பிரிட் பஞ்சால் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அதன் பின்னரே சிரிஞ்சை இணைக்க வேண்டும். லைன் வழித் தொற்றைத் தடுப்பதில் இந்தப் பதினைந்து விநாடிக்கு உள்ள பங்கு பெரிது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். பிக் லைனைச் சலைனால் கழுவ 10 மில்லி அல்லது அதற்குப் பெரிய சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் சிறிய சிரிஞ்சில் அழுத்தம் மிகுந்து குழாய் வெடிக்கலாம். ஒரே மூச்சில் தள்ளாமல் விட்டுவிட்டுத் தள்ளினால் உட்சுவரில் ஒட்டியிருப்பது கழுவிப்போகும். தடை தோன்றினால் பலங்கொண்டு தள்ளுதல் கூடவே கூடாது.

சொட்டின் வேகத்தைக் கண்மதிப்பாக விடாமல் கணக்கிடலாம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐ.வி. செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 100 மில்லியை 30 நிமிடத்தில் ஏற்ற வேண்டுமானால் மொத்தம் 2,000 சொட்டு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 67, அதாவது பத்து விநாடிக்குப் பதினொன்று. வான்கோமைசினாக இருந்தால் ஒரு கிராமுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். வேகமாக ஏறினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். குழாயில் கடுகளவு காற்றுக்குமிழி ஓடுவதைக் கண்டு பல குடும்பத்தினர் பதறுகிறார்கள். பெரியவர்களுக்கு அதனால் தீங்கில்லை. உண்மையில் அஞ்ச வேண்டியது, பிக் லைனின் மூடி கழன்று வாய் திறந்து கிடப்பது. அப்போது உடனே கிளிப்பை இறுக்கி, இல்லையெனில் குழாயை மடித்துப் பிடித்து, நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து உதவிக்கு அழைக்க வேண்டும்.

மருந்து ஏறி முடியும்வரை செவிலியர் அங்கேயே இருக்க வேண்டும். பாட்டிலை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வருவதை எந்த நெருக்கடியிலும் ஏற்காதீர்கள். அவருடைய பையில் அட்ரினலின் ஊசி இருக்கிறதா, கடும் ஒவ்வாமைக்கு அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட மருத்துவரின் நிலையான எழுத்து உத்தரவு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஒளி ஊடுருவும் ஒட்டுப் படலத்தாலான டிரஸ்ஸிங்கை ஏழு நாட்களுக்கு ஒரு முறையும், துணிக்கட்டாக இருந்தால் இரண்டு நாட்களுக்கு ஒரு முறையும், ஈரமானாலோ ஓரம் பெயர்ந்தாலோ உடனேயும் மாற்ற வேண்டும். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறையால் கையைச் சுற்றி மூடிக்கொள்ளலாம். கிணற்றிலும் ஆற்றிலும் முங்கக் கூடாது. பயன்படுத்திய ஊசிகளைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போட்டுச் செவிலியரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்; குப்பை வண்டியில் போனால் அது துப்புரவுப் பணியாளரின் கையைக் குத்தும்.

இரண்டு வருகைகளுக்கு இடையே

மருந்து ஏற்றிய அல்லது லைனைக் கழுவிய ஒரு மணி நேரத்துக்குள் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், லைனிலேயே கிருமி குடியேறியிருக்கலாம் என்று கொள்ள வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சென்று, லைனிலிருந்தும் மறு கையிலிருந்தும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். லைன் உள்ள கை முழுவதும் வீங்கினால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நாளுக்குப் பல முறை நீராகக் கழிச்சல் போனால், அதை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் ஆன்டிபயாடிக்கினால் குடலில் பெருகும் ஒரு கிருமி காரணமாக இருக்கலாம். முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் எர்டாபெனம் சிறுநீரகத்தில் வெளியேறாமல் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மயக்கம் என்றால் நிறுவனத்தின் எண்ணைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர்களுக்குச் சில சொற்கள்

வாரம் ஒரு முறையேனும் ரத்த அணுக்கள், கிரியாட்டினின், மருந்துக்கு ஏற்பக் கல்லீரல் பரிசோதனை அல்லது தசைப் பாதிப்பைக் காட்டும் சி.பி.கே., வான்கோமைசினாக இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் ரத்தம் எடுப்பது ஓர் ஆய்வகம், அறிக்கை போவது நோயாளியின் மகனுடைய வாட்ஸ்ஆப், அதைப் பார்த்து மருந்தளவைக் குறைக்க வேண்டியவர் நீங்கள் என்ற அமைப்பில், கிரியாட்டினின் இரட்டிப்பானதை நான்கு நாள் கழித்து அறிய நேரும். அறிக்கை நேரடியாக உங்களுக்கு அல்லது நீங்கள் பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கு வந்து, பார்த்ததற்கான குறிப்பும் பதிவாக வேண்டும் என்று சேவை நிறுவனத்துடன் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு பக்கத்தில், ஏற்றிய தவணைகள், தவறிய தவணைகள், வெப்பநிலை, லைனின் நிலை, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை அனுப்பும் நிறுவனம் உங்களுக்கு உண்மையான துணை. ‘எல்லாம் நன்றாகப் போகிறது’ என்று தொலைபேசியில் மட்டும் சொல்லும் நிறுவனத்திடம் தவறிய தவணைகளின் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

செலவும் காப்பீடும்

அறை வாடகை இல்லாததால் வீட்டுச் சிகிச்சை மலிவாகவே முடியும். ஆனால் காப்பீடு வைத்திருப்பவருக்குக் கணக்கு தலைகீழாகலாம். பல பாலிசிகளில் ‘டொமிசிலியரி’ என்ற வீட்டுச் சிகிச்சைப் பிரிவு, நோயாளியை மருத்துவமனைக்கு நகர்த்த முடியாத நிலை இருந்தாலோ மருத்துவமனையில் இடம் கிடைக்காவிட்டாலோதான் பொருந்தும். நன்றாகத் தேறியதால் வீட்டுக்குப் போகிறவர் இந்த இரண்டிலும் அடங்குவதில்லை. அதனாலேயே சிலர் தேவையில்லாமல் கட்டிலில் தங்குகிறார்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அதன் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இது கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள்; அதன் மையம் ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களும் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும்தான்.

கடைசித் தவணைக்குப் பிறகு லைனை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று விட்டுவைக்கக் கூடாது. தேவை முடிந்த லைன் உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கும் ரத்த உறைவுக்கும் இடம் தருகிறது. மருத்துவர் உறுதிசெய்ததும், நோயாளியைப் படுக்க வைத்து, பிக் லைனை மெதுவாக இழுத்தெடுத்து, சில நிமிடம் அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டை ஒரு நாள் போட்டு வைக்க வேண்டும். எடுத்த லைனின் நீளத்தை, செலுத்திய நாளில் எழுதிய நீளத்துடன் செவிலியர் உங்கள் முன்னிலையில் ஒப்பிட்டு, முனை முழுதாக இருப்பதை அதே ஒற்றைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, அதன் படத்தை மருத்துவருக்கு அனுப்பிய பிறகே விடைபெற வேண்டும்.